ஒன்பது மணிக்குப் பிறகு

புலம்பெயர்ந்த எமது சமூகத்தில் முதியோரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகளே முன்வைக்கப்படுகின்றன. அவர்களை யார் பார்ப்பது என்பது ஒன்று. எங்கே வைத்திருப்பது என்பது மற்றது. மகன் வீட்டிலா, மகள் வீட்டிலா, இல்லையேல் மாநகரசபை தரும் தனிக் குடியிருப்பிலா என்று குடும்பங்கள் கூடிப் பேசுகின்றன. மருந்துச் சிட்டை, கண் சத்திரசிகிச்சை, ஓய்வூதியப் படிவம் பற்றியும் பேசப்படுகிறது. இவற்றுக்கு அப்பால் மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. அவர்கள் யாரோடு சிரிக்கிறார்கள்? இதனைக் கேட்போர் மிகச் சிலர்.

பிள்ளைகள் அருகில் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் மடியில் இருக்கிறார்கள், பிறகென்ன குறை என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. பாசத்துக்குக் குறைவில்லை என்பது உண்மையே. ஆயினும் பாசம் வேறு, தோழமை வேறு. மகனுக்கு முன்னால் தந்தை என்றும் தந்தையாகவே இருந்தாக வேண்டும். தன் முழங்கால் வலியைக்கூட அவர் அளந்துதான் சொல்ல வேண்டும்; கூட்டிச் சொன்னால் மகன் பயப்படுவான், குறைத்துச் சொன்னால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லமாட்டான். பேரப்பிள்ளையோடு பேசுவதற்கோ பாதி மொழிதான் உண்டு. தன் வயதை ஒத்த, தன் காலத்தை அறிந்த, தன்னைக் கேலிசெய்யும் உரிமை பெற்ற ஒருவர் அருகில் இல்லாத முதியவர், ஆட்கள் நிறைந்த வீட்டிலும் தனித்தே இருக்கிறார்.

இத்துயரம் எமக்கு மாத்திரம் உரியதன்று. பிரித்தானிய அரசு 2018 ஆம் ஆண்டில் தனிமை என்னும் பிரச்சினைக்கெனவே ஓர் அமைச்சரைப் பொறுப்பாக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2025 யூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்றும், ஆண்டுதோறும் 871,000 க்கும் மேற்பட்ட மரணங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டது. மருந்துச் சிட்டையைப் போலவே நண்பர்களையும் கவனிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

சந்தியும் வேலிப்பொட்டும்

ஊரில் நட்புக்கு யாரும் நாள் குறித்ததில்லை. சந்தியிலே தேநீர்க்கடை இருந்தது. காலையில் பத்திரிகை வரும் நேரத்துக்கு வாசிகசாலையில் பத்துப் பேர் கூடினார்கள். கோயிலின் தேர்முட்டி நிழலில் ஒரு கூட்டம், சங்கக்கடைத் திண்ணையில் ஒரு கூட்டம், கடற்கரையில் வலை பொத்தும் இடத்தில் இன்னொரு கூட்டம். பெண்களுக்குக் கிணற்றடி இருந்தது. அடுத்த வளவுக்குப் போக வேலியிலே பொட்டு இருந்தது. ஒருவரை ஒருவர் தேடிச் செல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. போகும் வழியில் நட்பு தானாக நின்றது.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் என்னும் ஆய்வாளர் 2018 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு இருவரும் சேர்ந்து இருநூறு மணி நேரத்துக்கு மேல் கழித்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். ஊரில் அந்த இருநூறு மணி நேரத்தை யாரும் எண்ணவில்லை. சந்தியில் நின்றபடியே அது கழிந்துபோனது. எழுபதாவது வயதில், குளிர் தேசத்தில், சந்தியோ வாசிகசாலையோ இல்லாத தெருவில் வந்திறங்கிய மனிதருக்கு அந்த இருநூறு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்?

லண்டன் மாநகரின் கிழக்கே, ஈஸ்ட்ஹாம் பகுதியில் வாழும் ஆறு முதியவர்கள் இதற்கு ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களுடைய கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்கள் சங்கம் எதுவும் அமைக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் எவரும் இல்லை. ஆகவே இன்றுவரை பிளவுபடவும் இல்லை. தங்கள் பெயர்களை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், தாம் ஒருவரையொருவர் அழைக்கும் விதத்திலேயே அவர்கள் இங்கு அறிமுகமாகின்றனர்.

ஆறு மணி நேரம்

லண்டனில் வசிக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒய்ஸ்டர் அட்டையொன்று உண்டு. அரச ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு 'பிரீடம் பாஸ்' வழங்கப்படுகிறது. பஸ், நிலக்கீழ் ரயில், டி.எல்.ஆர். என்னும் இலகு ரயில் ஆகியவற்றில் இவற்றைக் காட்டி இலவசமாகப் பயணம் செய்யலாம். சனி, ஞாயிறு தினங்களில் நாள் முழுவதும் செல்லும். கிழமை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும். 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காலத்தின்போது கொண்டுவரப்பட்ட இந்த நேரக் கட்டுப்பாடு பின்னர் நிரந்தரமாக்கப்பட்டது.

எமது முதியோரின் வாழ்க்கைக்கு அந்த ஒன்பது மணி அளந்து தைத்த சட்டையைப் போலப் பொருந்துகிறது. மகனும் மருமகளும் ஏழு மணிக்கே வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். பேரப்பிள்ளைகளை எழுப்பி, உணவூட்டி, ஒன்பது மணிக்குள் பாடசாலை வாசலில் விடுவது அப்பப்பாவின் அல்லது அம்மம்மாவின் கடமை. மாலை மூன்றே காலுக்கு மறுபடியும் அதே வாசலில் நிற்க வேண்டும். இடையில் இருப்பது ஆறு மணி நேரம். பெரும்பாலான வீடுகளில் அந்த ஆறு மணி நேரம் தொலைக்காட்சித் தொடருக்கும், குசினிக்கும், யன்னல் வழியே தெருவைப் பார்ப்பதற்கும் போய்விடுகிறது.

இந்த அறுவரும் செவ்வாய்க்கிழமையின் ஆறு மணி நேரத்தைத் தமக்கென எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாடசாலை வாசலில் தொடங்கிய அறிமுகம் இது. மழைக்கு ஒரே குடையின் கீழ் ஒதுங்கிய இருவர், தாம் இருவரும் ஒரே ஆண்டில் க.பொ.த. பரீட்சை எழுதியவர்கள் என்று கண்டுபிடித்தனர். அவ்விருவர் நால்வராகி, நால்வர் அறுவராயினர். கிழமைக்கு ஆறு மணி நேரம் என்றால், ஹால் சொல்லும் இருநூறு மணி நேரம் 34 கிழமைகளில் நிறைவெய்துகிறது. இவர்கள் நான்காவது ஆண்டில் இருக்கிறார்கள்.

"எழுபத்தெட்டு வருசத்திலை எனக்குக் கிடைச்ச ஒரே சுதந்திரம் இந்தப் பாஸிலை எழுதியிருக்கிறதுதான்" என்று அவர்களுள் மூத்தவர் சொல்வார். மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

மூத்தவர் வடபாதையில் கடமையாற்றிய ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். எல்லோருக்கும் அவர் 'ஸ்ரேசன் மாஸ்ரர்'. நேரம் பிந்தினால் அவரால் பொறுக்க முடியாது. அடுத்தவர் தபாலதிபராக இருந்தவர். ஏறிய பஸ்களின் இலக்கங்களையும் இறங்கிய இடங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார். மூன்றாமவர் தீவுப்பகுதியைச் சேர்ந்த கடற்றொழிலாளர். 1990 இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தவர். மூன்று வள்ளங்கள் வைத்திருந்தவர் என்பதால் 'சம்மாட்டியார்'. நான்காமவர் கிராமத்து வைத்தியசாலைகளில் காலம் கழித்த அப்போதிக்கரி. அவரை 'டொக்டர்' என்றே அழைக்கிறார்கள். மற்றைய இருவர் பெண்கள். மட்டக்களப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை 'ரீச்சர்'. காரைநகரைச் சேர்ந்த விதவைத் தாய் ஒருவர் 'அக்கா'. எழுபதைத் தாண்டிய ஆண்களும் அவரை அக்கா என்றே விளிக்கிறார்கள்.

இவர்களுடைய திண்ணை இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல்தட்டு. முன்னால் உள்ள நான்கு ஆசனங்களும் அடுத்த வரிசையும் இவர்களுக்கு. அங்கிருந்து பார்த்தால் லண்டன் நகரம் ஒரு திருவிழாவைப் போல எதிரே நடந்துவரும். எங்கு போவது என்பதை ஒவ்வொரு கிழமையும் ஒருவர் தீர்மானிக்க வேண்டும். மற்ற ஐவரும் மறுப்புச் சொல்லக் கூடாது. கைப்பையில் தட்டைவடை, கச்சான், பிளாஸ்கில் இஞ்சித் தேநீர். டொக்டரின் கட்டளைப்படி சீனி தனிச் சிறு போத்தலில் வரும். அறுவரில் நால்வருக்கு நீரிழிவு.

ஆற்றைக் கடத்தல்

கடந்த ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவர்களோடு செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அன்றைய தீர்மானம் சம்மாட்டியாருடையது. "கடலைக் காட்டேலாது. ஆற்றையெண்டாலும் காட்டுறன்" என்றார். ஈஸ்ட்ஹாமிலிருந்து தெற்கே வட வூல்விச் வரை பஸ். அங்கிருந்து தேம்ஸ் ஆற்றின் மறுகரைக்குப் படகு. 1889 பங்குனி மாதம் தொடங்கிய இந்தப் படகுச் சேவைக்கு இன்றளவும் கட்டணம் கிடையாது. வாகனங்களும் மனிதர்களும் ஒன்றாக ஏறிச் சில நிமிடங்களில் அக்கரையை அடைகின்றனர்.

படகைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. "இது எங்கடை பாதையெல்லோ!" என்றார். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எமது மக்கள் 'பாதை' என்றே அழைப்பார்கள். மட்டக்களப்பிலும் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே 'பாதை' உண்டென்று ரீச்சர் உடனே சொன்னார். வடக்கில் ஒருவரும் கிழக்கில் ஒருவரும் ஒரே சொல்லை வைத்திருந்ததை லண்டனில் ஓர் இரும்புப் படகின் மேல் நின்று கண்டுகொண்டனர்.

சம்மாட்டியார் பேசவில்லை. கம்பியைப் பிடித்தபடி நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. தேம்ஸில், லண்டன் பாலத்தடியில், அமாவாசை, பூரணை நாட்களில் நீர் ஆறு மீற்றருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அதனை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மாஸ்ரர், பறுவம் கிட்டவோ?"

தபாலதிபர் கொப்பியைப் புரட்டினார். "நாளையிண்டைக்கு."

"அதுதான் தண்ணி இப்பிடி இழுக்குது. இந்த ஆறு ஆறில்லை. கடல்தான் உள்ளுக்கை வந்து போகுது."

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசத் தெரியாத அந்த மனிதர், அன்று தேம்ஸ் ஆற்றைப் படித்தார். மற்ற ஐவரும் மாணவர்களாயினர். வீட்டிலே படிவம் நிரப்பவும் கடிதம் வாசிக்கவும் பேரப்பிள்ளையின் தயவை நாடி நிற்பவருக்கு அது எத்தகைய கணம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

படகின் பெயர் 'பென் வூலக்கொட்'. யாரவர் என்று சம்மாட்டியார் கேட்டார். இதே சேவையில் பணியாற்றிய இளைஞர். 2011 ஆம் ஆண்டில், பத்தொன்பதாவது வயதில், படகின் கட்டுக்கயிறு இழுத்ததில் ஆற்றில் விழுந்து இறந்தவர் என்று தபாலதிபர் சொன்னார். 2019 இல் புதிய படகுகள் வந்தபோது ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். மற்றதற்குப் பாடகி வேரா லின்னின் பெயர். சம்மாட்டியார் தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கயிறு ஆளை இழுத்தால் விடாது" என்றார் சிறிது நேரத்தின் பின். "ஆனாலும் தொழிலாளிப் பெடியன்ரை பேரை வைச்சிருக்கிறாங்கள். அது பெரிய விசயம்."

திரும்பும்போது ஆற்றின் அடியால் நடந்தனர். 1912 இல் திறக்கப்பட்ட வூல்விச் நடைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றர் நீளமானது. "தலைக்கு மேலை ஆறு" என்று தபாலதிபர் சொன்னதும் அக்கா ரீச்சரின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். நடுவழியில் ஸ்ரேசன் மாஸ்ரர் நின்று, ரயில் வரும் ஒலியை வாயால் எழுப்பினார். சுரங்கம் முழுவதும் அது எதிரொலித்தது. எழுபத்தெட்டு வயதில் ஒருவர் செய்யக்கூடிய குறும்புகளில் இதைவிடப் பெரிதொன்றை நான் கண்டதில்லை.

வடகரையில் ஏறியதும் அவர் தமது நிலையத்தைக் காட்டினார். படகுத்துறைக்கு எதிரே வட வூல்விச் பழைய ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. அந்த நிலையம் 1847 இல் திறக்கப்பட்டது. 2006 டிசம்பருடன் ரயில் வருவது நின்றது. பழைய கட்டடத்தில் இயங்கிய ரயில்வே அருங்காட்சியகமும் 2008 இல் மூடப்பட்டது. அப்பாதையின் ஒரு பகுதி 2022 இல் எலிசபெத் பாதையாக உயிர்பெற்றது, இந்நிலையம் உயிர்பெறவில்லை.

"எங்கடை வடபாதை 1990 யூனிலை நிண்டது. 2014 ஒக்ரோபரிலை யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வண்டி வந்தது. இருபத்துநாலு வருசம். நான் வந்ததைப் பார்க்கேல்லை. வீடியோவிலைதான் பார்த்தன்" என்றார். பின்னர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இரண்டு இருபது. வெளிக்கிடுங்கோ, பள்ளிக்கூடம் விடப்போகுது" என்று எல்லோரையும் அதட்டினார்.

ஒரே மூடியில் தேநீர்

அன்று தென்கரையில், நதியைப் பார்த்த வாங்கொன்றில் தேநீர் அருந்தினார்கள். பிளாஸ்க் சம்மாட்டியாருடையது. கிண்ணங்கள் மறந்துபோனதால், பிளாஸ்கின் மூடியிலேயே ஒருவர் பின் ஒருவராக அறுவரும் குடித்தனர். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது சாதாரண காட்சியாகத் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் சாதி பார்த்துத் தனிக் குவளையும் போத்தலும் வைத்திருந்த காலத்தில் பிறந்தவர்கள் இவர்கள். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும் பல கடைகளின் கதவுகள் போராட்டங்களால்தான் திறந்தன. 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் நடந்தவற்றை இவர்கள் வளர்ந்த பிள்ளைகளாக அறிந்திருந்தனர். ஊரிலே இவ்வறுவரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பார்களா என்று நான் நேராகவே கேட்டேன்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஸ்ரேசன் மாஸ்ரர் சொன்னார்: "இருந்திருக்கமாட்டம். இவர் ஸ்ரேசனுக்கு மீன்பெட்டி கொண்டுவந்திருப்பார். நான் கையெழுத்து வைச்சிருப்பன். அவ்வளவுதான்."

"பெட்டியிலை நல்ல மீன் ஒண்டையும் எடுத்திருப்பியள்" என்றார் சம்மாட்டியார். வாங்கு குலுங்கச் சிரித்தார்கள்.

புலம்பெயர்வு எம்மிடமிருந்து பறித்தவற்றின் பட்டியல் நீண்டது. அது ஊரின் சில வேலிகளையும் தெரியாமல் பறித்திருக்கிறது. எமது திருமணப் பேச்சுகளைக் கவனித்தால், அவ்வேலிகளை இங்கே மீண்டும் நடுவதற்கு முயல்வோர் எத்தனை பேர் என்பது புரியும். அவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை இந்த பஸ்ஸில் ஏறிப் பார்க்கலாம்.

படிவம் நிரப்பாமல் வந்தவள்

ரீச்சரின் முறை வந்தபோது அவர் எல்லோரையும் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். அங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. 33 ஆம் இலக்கக் கூடத்தில் தாராதேவியின் செப்புத் திருவுருவம் நிற்கிறது. பொன்முலாம் பூசப்பட்ட, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த பௌத்தச் சிற்பம், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழ்க்கரையில் கண்டெடுக்கப்பட்டது. இலங்கையின் ஆளுநராக இருந்த றொபேட் பிறவுன்றிக் 1830 இல் இதனை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். உயரம் ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர்.

ரீச்சரும் உயரத்தில் சிறியவர். சிலைக்கு நேரெதிரே நின்று அளந்து பார்த்தாராம். "என்ட உயரம்தான் இருக்கா. நம்மட பக்கத்தால வந்த ஆள். இருநூறு வருசமா இஞ்ச நிக்கிறா, ஒரு படிவமும் நிரப்பல்ல, ஒருத்தரும் விசாரணைக்குக் கூப்பிடவுமில்ல" என்று அவர் சொன்னதை அக்கா எனக்குச் சொல்லிக் காட்டினார். தஞ்சக் கோரிக்கை விசாரணையில் எட்டு ஆண்டுகள் காத்திருந்தவர் ரீச்சர். அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி அவர் வேறெங்கும் சிரித்துப் பேசியதில்லை என்பதை அவருடைய மகள் பின்னர் என்னிடம் கூறினார்.

காணாமற்போன தபாலதிபர்

எல்லாப் பயணமும் நல்லபடி முடிந்துவிடவில்லை. ஒரு முறை நிலக்கீழ் ரயிலில் எல்லோரும் ஏறிவிட, தபாலதிபர் மாத்திரம் மேடையில் நிற்கக் கதவு மூடிக்கொண்டது. அவர் பதற்றத்தில் எதிர்த்திசை வண்டியில் ஏறினார். நிலத்தடியில் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, ஒரு ரயில்வே ஊழியரின் உதவியோடு அவர் ஈஸ்ட்ஹாமுக்கு வந்து சேர்ந்தபோது, மகள் நிலைய வாசலில் அழுதுகொண்டு நின்றார்.

அன்றோடு தந்தைக்குத் தடை விதிக்கப்பட்டது. இனித் தனியாக வெளியே போகக் கூடாது. மகளின் அச்சத்தில் நியாயம் இருந்தது. போரினூடாக ஒருமுறை தந்தையைத் தொலைத்து மீட்டவர் அவர். மறுபடியும் தொலைக்க மனம் எப்படி இடங்கொடுக்கும்? தபாலதிபர் ஐந்து செவ்வாய்க்கிழமைகள் வீட்டில் இருந்தார். சாப்பாடு குறைந்தது. கொப்பியைத் திறக்கவே இல்லை. ஆறாவது கிழமை ஸ்ரேசன் மாஸ்ரர் தாமே எழுதிய விதிகளை எடுத்துக்கொண்டு மகளிடம் போனார்.

விதிகள் எளியவை. வண்டியில் ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி மேடையிலேயே நிற்க வேண்டும். மேடையில் விடுபட்டவர் அசையாமல் நின்று அதே திசையில் செல்லும் அடுத்த வண்டியில் ஏறி வரவேண்டும். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பெயர், முகவரி, உறவினரின் தொலைபேசி இலக்கம், எடுக்கும் மருந்துகளின் பெயர் ஆகியவை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அட்டை இருக்க வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் வீட்டுக்குச் சேதி சொல்ல வேண்டும். வராதவர் யாரென்று பஸ் தரிப்பிடத்தில் ஆள் எண்ணிப் பார்த்த பிறகே ஏறவேண்டும். மகள் அதனை இரண்டு முறை வாசித்தார். பின்னர் தந்தையின் அட்டையைத் தாமே எழுதிக் கொடுத்தார்.

ஆள் எண்ணும் அந்தக் கடைசி விதிதான், கடந்த ஆண்டு மாசி மாதத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றியது.

அன்று காலை ஐவரே இருந்தனர். தனிக் குடியிருப்பில் வாழும் டொக்டர் வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. தடிமனாக இருக்கும், நித்திரையாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். ஸ்ரேசன் மாஸ்ரர் ஒப்பவில்லை. "வண்டி பிந்தலாம். ஆனால் முதல் ஸ்ரேசனிலை இருந்து சேதி வரவேணும். சேதி வரேல்லையெண்டால் வழியிலை ஏதோ நடந்திட்டுது" என்றார். ஐவரும் அவருடைய வீட்டுக்கு நடந்தார்கள். கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. அயலவர் அவசர சேவையை அழைத்தார்.

முதல்நாள் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, குளிர்ந்த தரையில் பதினொரு மணி நேரம் கிடந்திருக்கிறார் டொக்டர். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒருவர் கனடாவில், ஒருவர் அவுஸ்திரேலியாவில், ஒருவர் நோர்வேயில். மூவரும் நல்லவர்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் தவறாமல் அழைப்பவர்கள். அவர் விழுந்தது திங்கட்கிழமை.

ஏழு கிழமைகள் அவர் வைத்தியசாலையிலும் புனர்வாழ்வு விடுதியிலும் இருந்தார். ஏழு செவ்வாய்க்கிழமைகளும் கூட்டம் அவருடைய கட்டிலைச் சுற்றிக் கூடியது. இப்போது அவர் நடைச்சட்டம் ஊன்றி மறுபடியும் பஸ் தரிப்பிடத்துக்கு வருகிறார். மேல்தட்டுக்கு ஏற அவரால் முடியாது. ஆகவே இப்போதெல்லாம் அறுவரும் கீழ்த்தட்டில்தான் அமர்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் காட்சி குறைவுதானே என்று கேட்டேன். "காட்சியைப் பார்க்கவோ தம்பி நாங்கள் போறம்?" என்றார் அக்கா.

பிள்ளைகளிடம் ஒரு விண்ணப்பம்

இதனை வாசிக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் ஒன்பதுக்கும் மூன்றுக்கும் இடையே ஆறு மணி நேரம் இருக்கிறது. அதில் கிழமைக்கு ஒரு நாளையாவது பெற்றோருக்கு விட்டுக்கொடுங்கள். அன்று சமையலும் துணி மடிப்பும் அவர்கள் தலையில் விழாதிருக்கட்டும். குறிப்பாகத் தாய்மாரைச் சொல்கிறேன். ஆண்கள் சந்தி தேடிப் போய்விடுவார்கள். பெண்களுக்கு வேலிப்பொட்டும் இல்லாமல் போயிற்று. அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருவர்தான் என்பதற்குக் காரணம் விருப்பமின்மையன்று என்று ரீச்சர் அழுத்திச் சொன்னார். அழைத்தவர்கள் பலர், வீட்டில் விடுப்புக் கிடைத்தவர்கள் இருவர்.

பயண அட்டைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை அவர்களோடு இருந்து நிரப்பிக் கொடுங்கள். வேறு நகரங்களில், வேறு நாடுகளில் சலுகைகளும் விதிகளும் வேறுபடும். உங்கள் நகரசபையில் விசாரியுங்கள். சட்டைப்பைக்கு ஓர் அட்டை எழுதுங்கள். முதல் முறை நீங்களும் கூடச் சென்று, இறங்க வேண்டிய தரிப்பிடத்தைக் காட்டிவிட்டு, இரண்டாம் முறை அவர்களைத் தனியே போகவிடுங்கள். அவர்கள் வழி தவறலாம். கடலையும் காட்டையும் எல்லைகளையும் கடந்து எம்மை இங்கு கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்களே என்பதை அப்போது நினைவில் கொள்ளுங்கள்.

மூத்தோருக்கும் ஒரு சொல். பாடசாலை வாசலில் தினமும் உங்களுக்கு அருகில் நிற்கும் அந்த மனிதரின் ஊர் எதுவென்று இன்னும் கேட்கவில்லையா? நாளைக் காலை கேளுங்கள்.